இயலாமையும் சமூகக் கொள்கையும்

இயலாமையும் சமூகக் கொள்கையும் என்பது, உடல், புலன், அறிவு அல்லது மனம் சார்ந்த குறைபாடு உடையவர்களின் வாழ்வைச் சமூக அமைப்பும் அரசின் முடிவுகளும் எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை ஆராயும் பொருட்பகுதி ஆகும். இது இயலாமை ஆய்வியல் என்னும் பல்துறைக் கல்வியின் ஒரு கிளை. சமூகவியல், சட்டம், பொருளியல், வரலாறு, கட்டடக்கலை ஆகிய துறைகள் இதில் ஒன்றுசேர்கின்றன. யாரை மாற்றுத்திறனாளி என்று கணக்கிடுவது, அவருக்கு உரியதை உரிமையாகத் தருவதா உதவியாகத் தருவதா, அந்தச் செலவை யார் ஏற்பது ஆகியவை இத்துறையின் அடிப்படைக் கேள்விகள்.

இக்கேள்விகள் நடைமுறையில் எவ்வாறு எழுகின்றன என்பதை விளக்க, இக்கட்டுரை தமிழ்நாட்டின் வட எல்லையில் உள்ள திருத்தணியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மலைமேல் கோயில் கொண்ட ஊர் என்பதால் அணுகல் பற்றிய சிக்கலையும், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் மாநிலங்களுக்கிடையிலான கொள்கை வேறுபாட்டையும் அங்கு ஒருங்கே காணலாம்.

சொல்லாட்சி

தமிழில் முன்னர் குருடர், செவிடர், நொண்டி முதலிய சொற்கள் வழங்கின. இவை வசைச் சொற்களாகவும் பயன்பட்டன. பின்னர் அரசு ஆவணங்களில் ‘உடல் ஊனமுற்றோர்’ என்ற தொடர் இடம்பெற்றது. 2010 ஆம் ஆண்டளவில், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அதற்கு மாற்றாக ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் அரசு வழக்கிற்கு வந்து விரைவில் பரவியது. இலங்கைத் தமிழில் வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர் ஆகிய சொற்களும் வழங்குகின்றன. 2015 டிசம்பரில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி ‘திவ்யாங்’ (தெய்வீக உறுப்புடையவர்) என்ற சொல்லை முன்மொழிந்தபோது, மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல அதனை எதிர்த்தன. தெய்வீகம் என்று உயர்த்துவதும் ஊனம் என்று தாழ்த்துவதும் ஒருவரைச் சமமான குடிமகனாகக் காணத் தவறுகின்றன என்பது அவற்றின் வாதம்.

ஆய்வியலில் ‘குறைபாடு’, ‘இயலாமை’ ஆகிய இரு சொற்களும் வேறுபடுத்தி ஆளப்படுகின்றன. குறைபாடு என்பது உடல் அல்லது மனத்தின் நிலை. இயலாமை என்பது அந்நிலை உடையவரைச் சூழல் தடுப்பதால் உண்டாகும் விளைவு.

இரு அணுகுமுறைகள்

மருத்துவ அணுகுமுறை இயலாமையைத் தனிமனிதரின் உடலில் உள்ள சிக்கலாகக் காண்கிறது. சிகிச்சை, மறுவாழ்வு, செயற்கை உறுப்பு ஆகியவை இதன் தீர்வுகள்.

சமூக அணுகுமுறை இதற்கு மாறானது. 1976 இல் இங்கிலாந்தில், பிரிவினைக்கு எதிரான உடற்குறைபாடு உடையோர் ஒன்றியம் என்ற அமைப்பு வெளியிட்ட கொள்கை அறிக்கை, இயலாமையை உண்டாக்குவது சமூகமே என்று கூறியது. இதற்குச் ‘சமூக மாதிரி’ என்று பெயரிட்டவர் மைக் ஆலிவர் (1983). அமெரிக்காவின் பெர்க்லி நகரில் எட் ராபர்ட்சும் பிறரும் 1972 இல் தொடங்கிய தன்னுரிமை வாழ்வு மையமும் இதே சிந்தனைப் போக்கைச் சார்ந்தது.

திருத்தணியில் இவ்வேறுபாட்டை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். முருகனின் ஆறுபடைவீடுகளுள் ஐந்தாவதாகக் கருதப்படும் இத்தலத்தில், தணிகை மலைக்கு ஏற 365 படிகள் உள்ளன. ஆண்டின் நாட்களுக்கு ஒரு படி என்று இவற்றைக் கொள்வது வழக்கம். காலில் வலுவற்ற ஒருவர் படியடியில் நின்றுவிட்டால், மருத்துவ அணுகுமுறை அவரது காலைப் பார்க்கும். சமூக அணுகுமுறை படியைப் பார்க்கும். மலைக்கு வாகனப் பாதை அமைந்தபின் அதே மனிதர், அதே காலுடன், மலைமேல் சென்றுவிடுகிறார். மாறியது அவர் உடல் அன்று, வழி.

அணுகல்தன்மை

ஓர் இடத்தையோ சேவையையோ தகவலையோ எல்லோரும் பயன்படுத்தக்கூடியவாறு அமைப்பது அணுகல்தன்மை எனப்படுகிறது. இது ஒரு சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தாலும் முழுதும் பயனற்றுப் போகும். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் சென்னையிலிருந்து தொடர்வண்டியில் திருத்தணிக்கு வர வேண்டுமாயின், நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலான உயர வேறுபாடு, நிலையத்தின் மேம்பாலம், மலைக்குச் செல்லும் வண்டியின் வாயிற்படி, கழிப்பறையின் கதவகலம், வாகனம் நிற்கும் இடத்திலிருந்து சந்நிதி வரையான வரிசை ஆகிய அனைத்தையும் கடக்க வேண்டும். மலைப்பாதை இவற்றுள் ஒரு கண்ணியை மட்டுமே தருகிறது. ஆடிக்கிருத்திகை போன்ற பெருவிழா நாட்களில், காவடி எடுத்து வரும் கூட்டத்தின் நடுவே, எஞ்சிய சில மீட்டர் தொலைவே பெருந்தடையாகக்கூடும். பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் தேவைப்படுவன வேறு: தொட்டுணரும் தரையோடுகள், ஒலி அறிவிப்புகள், எழுத்து அறிவிப்புகள், சைகை மொழி அறிந்த பணியாளர்கள்.

தமிழ்நாட்டின் பிற மலைக்கோயில்களில் இயந்திர வழிகள் முன்னரே வந்துள்ளன. பழனியில் 1966 இல் இழுவை ஊர்தியும் 2004 இல் கம்பிவட ஊர்தியும் அமைக்கப்பட்டன. திருத்தணிக்கு அண்மையில், 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கோயிலில் 2024 இல் கம்பிவட ஊர்தி இயங்கத் தொடங்கியது. முதியோர், கருவுற்றோர், கைக்குழந்தையுடன் வருவோர் எனப் பலரும் இவற்றால் பயனடைகின்றனர். அணுகல் வசதி ஒரு சிறு குழுவுக்கான சலுகை அன்று என்ற வாதத்திற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

அமைப்பதோடு பணி முடிவதில்லை, பராமரிப்பும் வேண்டும். சென்னை மெரினா கடற்கரையில் மாற்றுத்திறனாளிகள் அலைகளின் அருகே செல்வதற்காக, 263 மீட்டர் நீளமுள்ள நிலையான மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள், டிசம்பர் 9-10 இரவில் கரை கடந்த மாண்டஸ் புயலில் அதன் கடலோரப் பகுதி சேதமுற்றது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. கட்டும் செலவை மட்டும் ஒதுக்கிப் பேணும் செலவை ஒதுக்காத திட்டங்கள் நிலைப்பதில்லை என்பது கொள்கை ஆய்வாளர்கள் அடிக்கடி சுட்டும் குறை.

சட்டங்கள்

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதனை உறுதி செய்தது. உரிமை என்ற நோக்கில் இயலாமையை அணுகிய முதல் பன்னாட்டு உடன்படிக்கை இதுவாகும்.

இந்தியாவில் 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியில் 3 விழுக்காடு இட ஒதுக்கீடு வழங்கியது. ஐ.நா. உடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதற்குப் பதிலாக 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மைக் கூறுகள்:

- ஏற்கப்பட்ட குறைபாட்டு வகைகள் 7 இலிருந்து 21 ஆக உயர்ந்தன. தசைச்சிதைவு, தாலசீமியா, நடுக்குவாதம், அமிலத் தாக்குதலால் ஏற்பட்ட பாதிப்பு முதலியன சேர்க்கப்பட்டன.
- அரசுப் பணியில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. இவற்றைப் பெறக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும்.
- 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை அளிக்கப்பட்டது.
- ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கனவாக மாற்ற வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வெளியானதால் இக்கெடு 2022 ஜூனில் முடிந்தது.

சட்டத்தில் கட்டாயமாக இருந்தது விதிகளில் பரிந்துரையாக நலிந்துவிட்டது என்பது இச்சட்டத்தின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பில் இதனை ஏற்றது. அணுகல் தரங்களைக் கூறும் 15 ஆம் விதி வழிகாட்டி நெறிகளின் தொகுப்பாக மட்டுமே உள்ளதால் அது மூலச் சட்டத்திற்கு முரணானது என்றும், விலக்க இயலாத கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

எண்ணிக்கையும் சான்றிதழும்

கொள்கை வகுப்பதற்கு எண்ணிக்கை தேவை. ஆனால் எண்ணிக்கையே வரையறையைச் சார்ந்தது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16,42,497 பேர், 2011 இல் 11,79,963 பேர். இப்பத்தாண்டுகளில் மாநில மக்கள்தொகை ஏறத்தாழ 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாகப் பெருகியது. பார்வைக் குறைபாடு உடையோர் தொகை 9,64,063 இலிருந்து 1,27,405 ஆகக் குறைந்தது. மறுபுறம் செவிக் குறைபாடு உடையோர் 72,636 இலிருந்து 2,20,241 ஆக உயர்ந்தனர். பத்தாண்டுகளில் எட்டு லட்சம் பேருக்குப் பார்வை திரும்பியிருக்க இயலாது. கேட்கப்பட்ட கேள்வியும், குறைபாட்டுக்குத் தரப்பட்ட வரையறையும், ஐந்திலிருந்து எட்டாக மாறிய வகைப்பாடும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணமாகக் கொள்ளப்படுகின்றன.

தனிமனிதர் நிலையில் இதே சிக்கல் சான்றிதழ் வடிவில் வருகிறது. 40 விழுக்காடு என்று மருத்துவக் குழு எழுதினால் உரிமைகள் கிடைக்கும், 39 என்று எழுதினால் கிடைக்கா. ஆனால் அவ்விருவரின் அன்றாட வாழ்வில் வேறுபாடு இராது. எலும்பு, கண், செவி ஆகியவற்றை அளப்பது போல மனநோயையும் கற்றல் குறைபாட்டையும் அளப்பது எளிதன்று. சமூக மாதிரியைத் தழுவியதாகக் கூறும் சட்டமும் நுழைவாயிலில் மருத்துவ அளவுகோலையே வைத்துள்ளது என்பது இதன் முரண்.

எல்லையும் உதவித்தொகையும்

1953 இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணி, சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக அம்மாநிலத்தில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பின், பட்டாஸ்கர் பரிந்துரையின்படி கிராமத்தை அலகாகவும் மக்களின் மொழியை அளவாகவும் கொண்டு எல்லை திருத்தப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அண்டை ஊரான நகரி ஆந்திரத்தில் நீடித்தது. மொழிக்காக வரையப்பட்ட இந்த எல்லைக்கோடு, பிற்காலத்தில் மாற்றுத்திறனாளிகளின் வருவாயையும் பிரிக்கும் கோடாயிற்று.

இதற்கு அரசியலமைப்பில் காரணம் உண்டு. ‘இயலாதோருக்கும் வேலை செய்ய முடியாதோருக்கும் உதவி’ என்பது ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 9 ஆம் இனமாக உள்ளது. பன்னாட்டு உடன்படிக்கையை நிறைவேற்றும் அதிகாரத்தின்கீழ் நாடாளுமன்றம் உரிமைச் சட்டத்தை இயற்றுகிறது. உதவித்தொகையின் பெரும்பகுதியை மாநிலங்கள் தத்தம் கருவூலத்திலிருந்து தருகின்றன. 2009 இல் தொடங்கிய நடுவண் அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 80 விழுக்காடு குறைபாடு உடைய வறியவருக்கு மாதம் 300 ரூபாய் மட்டுமே பங்களித்து வந்துள்ளது.

தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு முதலியன உடையோருக்கான தனிப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாயாக ஆக்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2024 ஜூலையில் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாகவும், படுக்கையிலேயே இருக்கும் நிலையினருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இதனால், ஒரே வகைக் குறைபாடும் ஒரே வறுமையும் உடைய இருவரில் நகரியில் வாழ்பவருக்குக் கிடைத்த தொகை, திருத்தணியில் வாழ்பவருக்குக் கிடைத்ததைப் போல மூன்று அல்லது நான்கு மடங்காக இருந்தது. அரிசி விலையோ, சக்கர நாற்காலியின் விலையோ அவ்வாறு மாறுவதில்லை. ஆந்திரத்திற்கு இணையான தொகை வேண்டும் என்பது தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி சங்கங்களின் போராட்டக் கோரிக்கை ஆயிற்று.

2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி பிறருக்கான ஒத்த திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனுடன் 25 விழுக்காட்டைச் சேர்த்தால் சரியாக 1,500 ரூபாய் வரும். அதாவது சட்டம் குறிக்கும் அடித்தளம் எட்டப்பட்டது. ஆனால் அத்தொகையில் ஒருவர் வாழ முடியுமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. குறைபாட்டினால் உண்டாகும் கூடுதல் செலவுகள் (துணையாள், மருந்து, தனி வாகனம், உதவிக் கருவிகள்) எவ்வளவு என்று கணித்து அதற்கேற்பத் தொகையை வகுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

தொகை உயர்ந்தால் தகுதிச் சோதனையும் கடுமையாகும் என்பது மறுபக்கம். ஆந்திர அரசு 2025 இல் பயனாளிகளின் சான்றிதழ்களை மறுஆய்வு செய்து, பெருந்தொகையினருக்குத் தகுதியின்மை அறிவிப்புகளை அனுப்பியபோது எதிர்ப்பு எழுந்தது. போலிச் சான்றிதழைக் களைவதும், உண்மையாகத் தேவை உள்ளவரை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கச் சொல்லி அலைக்கழிக்காமல் இருப்பதும் ஒருசேர நிறைவேற்றக் கடினமான இரு நோக்கங்கள்.

வேலைவாய்ப்பு

சட்டத்தின் 4 விழுக்காடு அரசுப் பணிக்கே பொருந்தும். திருத்தணி வட்டாரத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்கள் விசைத்தறிக்குப் பெயர்பெற்றவை. எல்லைக்கு அப்பால் நகரியிலும் அதே தொழில் நடைபெறுகிறது. இத்தகைய அமைப்புசாராத் தொழிலில் இட ஒதுக்கீடு இல்லை. சத்தம், நெடுநேர நிற்றல், நெருக்கமான தறிக்கூடம் ஆகியவற்றை மாற்றித்தரும் கடமையைக் கண்காணிக்கும் நடைமுறையும் வலுவாக இல்லை. ‘நியாயமான தகவமைப்பு’, அதாவது ஒருவரின் தேவைக்கேற்பப் பணிமுறையைச் சிறிது மாற்றித் தருதல், சட்டத்தில் இடம்பெற்ற கருத்தாகும். 2021 இல் விகாஷ் குமார் வழக்கில், எழுதுகையில் கைத்தசைப் பிடிப்பு ஏற்படும் தேர்வருக்கு 40 விழுக்காட்டுச் சான்று இல்லாவிடினும் தேர்வெழுத்தர் வசதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது, இக்கருத்தை விரிவாக்கிய தீர்ப்பாகக் கருதப்படுகிறது.

வழிபாட்டிடங்களும் மனநலமும்

வழிபாட்டிடங்கள் இயலாமையுடன் கொண்டுள்ள உறவு படிகளோடு முடிவதில்லை. நோய் தீர வேண்டி நேர்ந்துகொள்வது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். அது ஆறுதல் தருகிறது. ஆனால் மருத்துவமும் குடும்பத்திற்கான உதவியும் கிட்டாத இடத்தில் அந்நம்பிக்கையே தனியார் காப்பகங்களின் வணிகமாக மாறுவதும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோருக்காக நடத்தப்பட்ட காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 தடை செய்கிறது. அந்த 28 பேரும் தப்ப இயலாமல் போனதற்குக் காரணம் அவர்களது நோய் அன்று, சங்கிலியே.

பங்கேற்பு

‘நாங்கள் இன்றி எங்களைப் பற்றி எதுவும் இல்லை’ என்பது உலகளாவிய மாற்றுத்திறனாளி இயக்கத்தின் முழக்கம். தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய திருத்தங்கள், நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்தன. தேர்தலில் போட்டியிடும் வாய்ப்பும் வளமும் குறைந்த பிரிவினருக்கு இது ஒரு நுழைவாயில் என்று வரவேற்கப்பட்டது. நியமிக்கப்படுபவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு நிகரான வலிமை உடையவரா என்ற கேள்வி நீடிக்கிறது. எனினும், தெருவிளக்கு, நடைபாதை, கழிவுநீர்க் கால்வாயின் மூடி, பேருந்து நிலையக் கழிப்பறை ஆகியவற்றை முடிவு செய்வது உள்ளாட்சியே ஆதலால், அன்றாடத் தடைகள் பெரும்பாலும் இம்மட்டத்தில்தான் தீர்க்கப்பட வேண்டியவை.

விமர்சனங்கள்

சமூக மாதிரியும் விமர்சனத்திற்கு உட்பட்டது. தடைகள் அனைத்தையும் நீக்கிய பின்னரும் வலி, சோர்வு, படிப்படியாக முற்றும் நோய் ஆகியவை எஞ்சும் என்றும், உடலின் துன்பத்தைப் பற்றிப் பேசாத கொள்கை முழுமையற்றது என்றும் லிஸ் குரோ, டாம் ஷேக்ஸ்பியர் முதலியோர் எழுதினர். இந்தியச் சூழலில் பாலினம், சாதி, வறுமை ஆகியவற்றிலிருந்து இயலாமையைப் பிரித்துப் பார்க்க இயலாது என்பதை அனிதா கய் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். பராமரிப்பு வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மேல் ஊதியமின்றி விழுகிறது. அவர்களுக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்பது அறிவுசார் குறைபாடு உடையோரின் பெற்றோர் பலரும் எழுப்பும் கேள்வி. 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் சட்டப்பூர்வ பாதுகாவலர் முறையை ஏற்படுத்தியது. பாதுகாவலர் முடிவெடுப்பதா, அல்லது துணையுடன் அவரே முடிவெடுக்க வழிசெய்வதா என்பதில் அச்சட்டத்திற்கும் ஐ.நா. உடன்படிக்கைக்கும் இடையே கருத்து முரண் உள்ளது.

வழி அமைப்பதும் வேண்டும், வழியில் துணை நிற்பதும் வேண்டும் என்பதே இவ்விமர்சனங்களின் சாரம். மலைப்பாதை ஒருவரை மேலே கொண்டு சேர்க்கலாம். அவர் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு உதவித்தொகையும், சான்றிதழும், உடன் வரும் ஒருவரின் நேரமும் முன்னதாகவே தேவைப்படுகின்றன.